சீனியர் வீட்டு வாசல்: வழக்கறிஞர் பயிற்சியின் வரலாற்றில் சில பக்கங்கள்

சட்டம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சிக்குச் சேர முயல்வதை நம் ஊர்களில் யாரும் 'நேர்காணல்' என்று சொல்வதில்லை. 'ஒரு எட்டு போய் சீனியரைப் பார்த்துவிட்டு வா' என்பதுதான் வழக்கு. விளம்பரம் இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, மதிப்பெண் பட்டியல் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருப்பார். காலை ஏழு மணிக்குக் கட்சிக்காரர்களோடு ஒருவராக வீட்டு முன்னறையில் காத்திருக்க வேண்டும். குமாஸ்தா கட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டே புதியவரை ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே போனதும் வழக்கமான மூன்று கேள்விகள் வரும்: எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்? யார் அனுப்பியது?

இம்மூன்றில் ஒன்றுகூடச் சட்டத்தைப் பற்றியது அல்ல என்பது கவனத்திற்குரியது. இவற்றுக்கு அடியில் வாய்விட்டுக் கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று உண்டு. 'உனக்கென்று வழக்குகள் வரும்வரை, அதுவரையிலான ஆண்டுகளில், நீ எதைக்கொண்டு சாப்பிடப்போகிறாய்?' வழக்கறிஞர் பயிற்சியின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கேட்கப்படாத கேள்வியின் வரலாறே என்று நாம் கருதுகிறோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க் கரிசல் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஏனெனில் தொழில் பழகுதல் என்றால் என்னவென்று மிக நன்றாக அறிந்த வட்டாரம் இது.

கல்கத்தா சென்ற இருவர்

1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா சென்றனர். சில மாதங்கள் அங்கே தங்கித் தொழிலைப் பழகி, திரும்பிவந்து 1923இல் தங்கள் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்த்த வானமும் வறண்ட காற்றும் வேளாண்மைக்குப் பகையாக இருந்தாலும் தீக்குச்சிக்கு உறவாக அமைந்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும், 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளும் பெருகின.

இந்தக் கதையை ஊரார் பெருமையோடு சொல்வார்கள். நம் பொருளுக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு செய்திதான். அந்த இருவரும் கற்றுவந்த வித்தை அவர்களோடு நின்றுவிடவில்லை. உறவினர், அண்டை வீட்டார், கணக்குப்பிள்ளை, வேலையாள் என்று கைமாறிக் கைமாறி ஓர் ஊரையே தொழில்நகரமாக்கியது. பழகுபவர் வேலை செய்துகொண்டே பழகினார். செய்த வேலைக்குக் கூலி, குறைவானாலும், கிடைத்தது.

சட்டத் தொழிலின் பயிற்சி இப்படி அமையவில்லை. அதன் வேர் வேறு மண்ணில் இருந்தது.

பணம் கட்டிப் பழகும் தொழில்

இங்கிலாந்தில் 1729ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அட்டர்னியாக விரும்புபவர் ஏற்கெனவே தொழில் செய்யும் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதி ஐந்தாண்டுகள் எழுத்தராகப் பணியாற்ற வேண்டும் என்று விதித்தது. அந்த ஒப்பந்தத்துக்குப் பையனின் தகப்பனார் ஒரு பெருந்தொகையைக் கட்டுவது அங்கே வழக்கம். அதாவது பழகுபவருக்குச் சம்பளம் இல்லை. பழகுபவரே கட்டணம் செலுத்த வேண்டும். இருபதாம் நூற்றாண்டில்தான் இவ்வழக்கம் அங்கே தேய்ந்து மறைந்தது.

சென்னையில் உயர் நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டது. சட்டக் கல்லூரி 1891இல் உருவானது. வெள்ளையர் பெருமளவில் ஆண்ட பாரிஸ்டர், அட்டர்னி வட்டங்களுக்கு வெளியே, இந்தியர்களுக்குத் திறந்திருந்த வழி வக்கீல் தொழில். பி.எல். தேறியவர் அனுபவமுள்ள ஒருவரிடம் பயிற்சியாளராக இருந்த பிறகே உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிவுசெய்ய முடிந்தது. கீழமை நீதிமன்றங்களில் வாதாட 1879ஆம் ஆண்டுச் சட்டத் தொழிலர் சட்டத்தின்கீழ் 'பிளீடர்' தேர்வு என்ற குறுக்கு வழியும் இருந்தது.

இவ்வமைப்பில் யார் யாரிடம் பயின்றார்கள் என்று பார்த்தால் ஒரு குடும்ப மரம் போலக் கிளைவிரியும். சி.பி. ராமசாமி ஐயர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் பயின்றார். சி.பி.யின் தந்தையும் சட்டத் துறையினர். கிருஷ்ணசாமி ஐயரின் தந்தை மாவட்ட முன்சீப். ஓட்டப்பிடாரத்தில் பிளீடராகத் தொழில் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீலே. இவர்களுடைய திறமையையோ தியாகத்தையோ நாம் குறைத்துச் சொல்லவில்லை. 'அப்பா என்ன செய்கிறார்' என்ற கேள்விக்கு இவர்களிடம் விடை இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பின்னாளில் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் நெல்லூர்ப் பக்கத்துக் கோயில் அர்ச்சகர் ஒருவரின் மகன். பி.ஆர். சுந்தர ஐயரின் அறை அவருக்குத் திறந்தது. வசதியில்லாத வீட்டிலிருந்து ஒருவர் உள்ளே வர முடிந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த வீட்டில் செல்வம் இல்லாவிட்டாலும் எழுத்தும் ஏடும் தலைமுறையாக இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெண்களுக்கோ 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்த வாசலில் நிற்கும் உரிமையே இல்லை. 1920களின் இறுதியில்தான் ஆனந்தபாய் சென்னையின் முதல் பெண் வழக்கறிஞராக முடிந்தது.

கமுதி கற்பித்தது

இதே காலத்தில் நம் வட்டாரம் நீதிமன்றத்தை எப்படிச் சந்தித்தது? 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததையொட்டி இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். சிவகாசிக் கலவரம் நடந்த அதே 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. உயர் நீதிமன்றம் 1901இல் அதை உறுதிசெய்தது. வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அங்கும் தோற்றது.

அவ்வழக்கின் மையத்தில் இருந்தது வழக்காறு பற்றிய கேள்வி. இன்னார் கோயிலுக்குள் செல்லும் வழக்கம் உண்டா, இல்லையா? ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வு சாட்சியங்களாகவும் ஆவணங்களாகவும் மொழிபெயர்க்கப்பட்டு, அந்த வாழ்வை ஒருநாளும் வாழாதவர்களால் வாதிடப்பட்டு, அதைவிடத் தொலைவில் இருந்தவர்களால் தீர்மானிக்கப்பட்டது. மகமை என்ற பொதுநிதி மரபைக் கொண்ட ஒரு வணிகச் சமூகத்தால் வழக்குச் செலவைத் தாங்க முடிந்தது. ஆனால் வழக்கை நடத்தும் அறைக்குள் தன் பிள்ளை ஒருவன் இருப்பது என்பது நிதியால் மட்டும் ஆகக்கூடியதல்ல.

அதற்குக் கல்வி வேண்டும். 1880களில் விருதுபட்டியில் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலை பிடியரிசி திரட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பிற்காலத்தில் காமராசர் படித்த பள்ளி அது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. கல்வி உதவி அதன் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. கமுதித் தோல்விக்குப் பின்வந்த தலைமுறை பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கொண்டது தற்செயல் அல்ல என்பது நம் எண்ணம்.

1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசர் சேர்க்கப்பட்டபோது அவருக்காக வாதாட வந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்து, இலண்டனில் பாரிஸ்டரானவர். மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டவர். வழக்கு நிற்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்டோரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற அ. வைத்தியநாத ஐயரும் மதுரை வழக்கறிஞரே. 1908இல் சட்டப் புத்தகம் அடைத்த கதவை ஒரு சட்டத் தொழிலாளி வேறு வழியில் திறந்தார். இவ்விருவரும் நம் வட்டாரத்துக்காக நின்றவர்கள். எனினும் நமக்காக ஒருவர் நிற்பதும் நம்முள் ஒருவர் நிற்பதும் ஒன்றல்லவே.

அரசாணை நுழையாத அறை

1920களில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புவாரி அரசாணைகள் அரசு வேலையில் ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைத்தன. கல்லூரி வாசல்களும் படிப்படியாக அகலமாயின. மதுரையில் 1974இலும் திருநெல்வேலியில் 1996இலும் அரசுச் சட்டக் கல்லூரிகள் வந்தபின், சட்டம் படிக்கச் சென்னைக்குப் போகவேண்டிய தேவையும் நீங்கியது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையில் திறக்கப்பட்டது. நம் பகுதிப் பிள்ளைகள் பட்டம் பெறுவது இப்போது புதுமையல்ல.

ஆனால் எந்த அரசாணையும் நுழைய முடியாத இடம் ஒன்று உண்டு. அது தனியார் வழக்கறிஞரின் அறை. அங்கே யாரைச் சேர்ப்பது என்பது சீனியரின் விருப்பம். அந்த விருப்பத்தில் தீய எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை; தெரிந்த வீட்டுப் பிள்ளையை நம்புவது மனித இயல்பு. அந்த இயல்பு தலைமுறை தலைமுறையாகத் தொடரும்போதுதான் அது சுவராகிறது.

வேறு வகை வாசல்களும் இருந்தன. சட்டப் படிப்பை முடித்த கே. சந்துரு, தொழிலாளர் வழக்குகளுக்குப் பெயர்பெற்ற 'ராவ் அண்ட் ரெட்டி' நிறுவனத்தில் சேர்ந்து எட்டாண்டுகள் பணியாற்றினார். மாணவர் இயக்கத்திலும் தொழிற்சங்க வட்டத்திலும் அவர் ஏற்கெனவே அறியப்பட்டவர். 'யார் அனுப்பியது' என்ற கேள்விக்கு அங்கே 'இயக்கம்' என்பது விடையாக இருக்க முடிந்தது. பின்னாளில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானதும் 2013இல் ஓய்வுபெற்றதும் பலரும் அறிந்தவை. உறவையும் சாதியையும் தவிர வேறொரு பரிந்துரைக் கடிதமும் செல்லுபடியாகும் என்று காட்டியதே அந்த வாசலின் சிறப்பு.

பயிற்சியை முறைப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், பட்டத்துக்குப் பின் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்ற பிரிவைக் கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கியது. 1995இல் இந்திய பார் கவுன்சில் பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி என்ற விதியைக் கொண்டுவந்தது. பதிவுக்குப் புதிய நிபந்தனை விதிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இல்லையென்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பின்னர் வந்த அகில இந்திய பார் தேர்வை 2023 பிப்ரவரியில் அரசியலமைப்பு அமர்வு ஏற்றுக்கொண்டது. தேர்வு வந்துவிட்டது, ஆனால் தேர்வு எழுதியவரைச் சீனியரின் வாசலுக்கு அழைத்துச் செல்ல ஒரு முறை வரவில்லை.

உள்குத்தகை என்ற சொல்

இதெல்லாம் வழக்கறிஞர்களின் குடும்ப விவகாரம், வெளியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பட்டாசுப் பகுதியின் வாழ்வைச் சற்றே கவனித்தால் விடை கிடைக்கும்.

இந்தியாவில் இவ்வளவு சட்டங்களால் சூழப்பட்ட சிறுநிலப்பகுதி வேறு உண்டா என்பது ஐயமே. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கு 1986இல் தொடுக்கப்பட்டது. சிவகாசியை முன்வைத்துத் தொடங்கிய அவ்வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று நாடு முழுவதற்குமாகப் பணித்தது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. தில்லிக் காற்றைப் பற்றிய அவ்வழக்கு, சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் அடுப்பைத் தொட்டது. குழந்தைகள் பள்ளிக்குப் போனதும் தூய காற்றும் நல்லவை என்பதில் நமக்கு மறுப்பில்லை. அந்த வாதங்கள் நடந்த மன்றம் சிவகாசியிலிருந்து எத்தனை தொலைவு என்பதையே எண்ணிப் பார்க்கிறோம்.

தொலைவான வழக்குகளை விட்டுவிடுவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துக்குப் பிறகு அரசின் நிவாரணம் செய்தியாகிறது. அதற்கு அப்பால், சட்டத்தின்கீழ் இழப்பீட்டு மனு ஒன்று உண்டு. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை அவர் வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்கி இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள். எனவே கூலி எவ்வளவு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். யாரிடம் வேலை செய்தார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும்.

இங்கேதான் அனுபவம் பேசுகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் வேறு சிலரிடம் உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கூலி உருப்படிக் கணக்கில் கைக்கு வந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இராது. மருந்து செலுத்தும் வேலையும் திரி வெட்டும் வேலையும் ஒன்றல்ல, கூலியும் ஒன்றல்ல. சட்டக் கல்லூரியின் பாடத்தில் இவை இல்லை. தாயோ அண்ணனோ ஆலைக்குப் போய்வந்த வீட்டில் வளர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர், எதிர்த்தரப்புச் சாட்சியிடம் எந்த ஏட்டைக் கேட்க வேண்டும், ஆலைக்கு ஆளேற்றிச் சென்ற வண்டியின் ஓட்டுநரை ஏன் அழைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அறிவார். 'அப்பா என்ன செய்கிறார்' என்ற கேள்விக்கு அவர் தயங்கிச் சொல்லும் விடைதான் அந்த அறைக்கு அவர் கொண்டுவரும் மூலதனம். அதைக் குறையாகக் கேட்கும் சீனியர்கள் உண்டு; தகுதியாகக் கேட்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

சில புதிய தீர்ப்புகள்

அண்மை ஆண்டுகளில் கேட்கப்படாத அந்த நான்காம் கேள்வியை நீதிமன்றங்களே வாய்விட்டுக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. தமிழக அரசு 2020இல் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024 ஜூன் 12 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று கூறி, பார் கவுன்சில் அதற்கான சுற்றறிக்கை வெளியிடப் பணித்தது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பதிவுக்கட்டணம் சட்டம் சொல்லும் 750 ரூபாயைத் தாண்டக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்தன. அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் தன் பங்குக்கு 20,000, 15,000 என்ற தொகைகளையே பரிந்துரைத்தது; ஆனால் பரிந்துரையாக மட்டும்.

இந்தத் தொகைகளைக் கேட்டு மகிழும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாத்தூரிலோ சிவகாசியிலோ தொழில் நடத்தும் பல சீனியர்களின் சொந்த வருமானமே மாதாமாதம் ஏறி இறங்குவது. வாய்தாவுக்கு வரும் கட்சிக்காரர் கொடுப்பதுதான் வரவு. அவர்மீது 15,000 ரூபாயைச் சுமத்தினால் அவர் ஜூனியரே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடும். சுமையை அவர் ஒருவரே தாங்காமல் சேமநல நிதியும் அரசும் சங்கங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாமல் தீர்ப்பு மட்டும் வாசலைத் திறந்துவிடாது. பிடியரிசியில் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்களுக்கு இத்தகைய ஏற்பாடு புதிதல்ல.

வாசலின் மதிப்பும் இப்போது கூடியிருக்கிறது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியை மீட்டது. அந்த அனுபவத்துக்கான சான்றிதழும் அதற்குத் தேவை. நோக்கம் நல்லதே, நீதிமன்றம் அறியாதவர் நீதிபதியாவது முறையன்று. ஆனால் இதன் பொருள், சீனியரின் அறை வழக்கறிஞர் தொழிலுக்கு மட்டுமன்றி நீதிபதியின் நாற்காலிக்கும் வாசலாகிவிட்டது என்பதே. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அந்த மூன்றாண்டுகளைக் கடக்க முடியாதவர் இரண்டையும் ஒருசேர இழக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இயங்குகிறது. விருதுநகரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் காலைப் பேருந்தில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு போகும் இளம் வழக்கறிஞர்கள் பலரைக் காணலாம். அவர்களில் யாரோ ஒருவர் முதல் தலைமுறைப் பட்டதாரி. கறுப்புக் கோட்டைத் தவணையில் தைத்தவர். சீனியர் மாலையில் தரும் பேருந்துக் கட்டணத்தைத் தவிர வேறு வரவு அறியாதவர். 1922இல் கல்கத்தா போன இருவருக்கு யாரோ ஒருவர் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஒரு வாசல் திறந்ததால் இங்கே ஓர் ஊர் எழுந்தது. சீனியர் வீட்டு முன்னறையில் காத்திருப்பவரிடம் அடுத்த முறை 'எந்த ஊர்?' என்று கேட்கப்படும்போது, 'சிவகாசிப் பக்கம்' என்ற விடை அவருக்குச் சாதகமாகும் நாள் வரவேண்டும் என்பதே நம் விருப்பம்.